மார்கழிப் பனிக்கு டீசல் வண்டி நடுங்குமா?

விடிகாலை 5 மணி. மார்கழி மாதம்.

புதுக்கோட்டை திருவப்பூர் பக்கம் ஒரு சந்து. பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சபரிமலைக்குப் போகும் வேன் ஒன்று சந்து முனையில் நிற்கிறது. டிரைவர் சாவியைத் திருகினார். ஒரே தடவையில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. உடனே அவர் கீழே இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார்.

வண்டி நிற்கிறது. என்ஜின் ஓடுகிறது. 5 நிமிடம்... 10 நிமிடம்... 20 நிமிடம்!

கோலம் போட்ட அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிர்வீட்டில் இளைப்பு நோய்க்காரப் பெரியவர் ஒருவர். அவர் ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலையும் தாண்டி இருமல் சத்தம் கேட்டது.

"ஏன் தம்பி, ஆப் பண்ணிட்டு டீ குடிக்கக் கூடாதா?" என்று டிரைவரிடம் கேட்டோம்.

"டீசல் வண்டி சார் இது. பனிக்காலம் வேற. கால்மணி நேரமாவது சூடேத்தாம எடுத்தா என்ஜின் காலி!" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது இந்த ஊருக்கும் இந்தக் காலத்துக்கும் பொருந்துமா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

தாத்தா காலத்துப் பாடம்

இரண்டாவது உலகப்போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். தென்னாட்டில் கரி எரித்து, அதில் வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். டி.வி.எஸ். கம்பெனியே அதற்கான கரிவாயுக் கருவியைச் செய்து கொடுத்தது. அந்த பஸ் கிளம்ப வேண்டுமென்றால் முதலில் கரியைப் பற்றவைத்து, காற்று வீசும் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகுதான் வண்டி நகரும். பெரியவர்கள் இன்றைக்கும் கதைகதையாகச் சொல்வார்கள்.

பிறகு கைப்பிடி போட்டுச் சுற்றும் டீசல் லாரிகள் வந்தன. வயலில் ஆயில் என்ஜின்கள் வந்தன. காலையில் அவற்றைக் கிளப்புவதற்குள் வேர்த்துவிடும். "கிளம்பின வண்டியை அணைக்காதே" என்பது அந்தக் காலத்துப் பாடம். அன்றைக்கு அது நியாயம்.

வண்டி மாறிவிட்டது. பாடம் மட்டும் மாறவில்லை!

என்ஜினுக்குள் நடப்பது என்ன?

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி தர ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை 15 மடங்கு, 20 மடங்கு என்று நெருக்குகிறார்கள். அப்படி நெருக்கியதும் காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மனிக்காரர் ருடால்ப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டியதும் இந்த முறையில்தான்.

இரும்பு சில்லிட்டுப் போயிருந்தால் அந்தச் சூட்டை இரும்பே உறிஞ்சிக்கொள்ளும். டீசல் சரியாகப் பற்றாது. அதற்காகத்தான் கார், வேன்களில் ஹீட்டர் பிளக் வைத்தார்கள். சாவியை ஒரு கட்டம் திருகினால் டிரைவர் எதிரே சுருள் போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்ததும் ஸ்டார்ட் செய்யலாம். நம் ஊர்ப் பருவத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றால் டீசல் பற்றிவிட்டது என்று அர்த்தம். அடுத்த சில வினாடிகளில் ஆயில் பம்பு எல்லா இடத்துக்கும் ஆயிலைத் தள்ளிவிடும். ஆயில் விளக்கு அணைவதே அதற்குச் சாட்சி. அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் போதும். அப்புறம் வண்டியை எடுக்கலாம்.

புதுக்கோட்டை என்ன லடாக்கா?

உண்மையான குளிர் எது என்று லடாக்கில் போய்க் கேட்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். சாதா டீசலில் மெழுகு கட்டி, டாங்கியில் இருந்து குழாய்க்கு வராது. இதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று தனி டீசல் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரி வரை அது உறையாது. கனடாவில் இருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள். ராத்திரி முழுக்க என்ஜினுக்குக் கரண்ட் ஹீட்டர் மாட்டி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு.

புதுக்கோட்டையில் மார்கழி, தை மாத விடிகாலையில் எத்தனை டிகிரி? 20-க்கு அக்கம்பக்கம்! நமக்கு மப்ளர் தேவைப்படலாம். டீசல் என்ஜினுக்கு அது குளிரே அல்ல. ஊட்டிக்குப் போய் உறைபனியில் ராத்திரி நிறுத்திய வண்டி என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கலாம். அங்கேகூட கால்மணி நேரம் தேவையில்லை.

"காலையில வண்டி அடம் பிடிச்சா பனி மேல பழி போடுறாங்க சார். பேட்டரி, ஹீட்டர் பிளக், நாசில், ரிங், இதுல ஏதோ ஒண்ணு போயிருக்கும். அதைப் பார்க்காம தினமும் உறும விட்டா சரியாயிடுமா?" என்கிறார் பட்டறையில் கைமுழுக்கக் கிரீசோடு நின்ற ஒரு பழைய மெக்கானிக்.

சூடேற்றுகிறேன் என்று சொல்லிச் சொந்த வண்டிக்கே...

நின்றபடி ஓடும் டீசல் என்ஜின் சீக்கிரம் சூடாகாது. பாரம் இல்லாததால் கொஞ்சம் டீசல்தான் எரிகிறது. சூடும் கொஞ்சம்தான் வருகிறது. ஓட்டினால் சில நிமிடத்தில் ஏறும் முள், நிறுத்தி வைத்தால் நெடுநேரம் ஏறாது.

அந்த அரைச்சூட்டில் டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் ஓரமாக வழிந்து, கீழே ஆயிலோடு கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். நாசிலிலும் வால்விலும் கரி படியும். 2020 ஏப்ரலில் இருந்து விற்கும் பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல சூட்டில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். நிற்க வைத்து ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்!

கியர் பாக்ஸ், பின் ஆக்சில், சக்கர பேரிங், இவை எல்லாம் வண்டி உருண்டால்தான் சூடாகும். நின்ற இடத்தில் எத்தனை நேரம் ஓட்டினாலும் இவை சில்லென்றுதான் கிடக்கும்.

பணக் கணக்கும் பாருங்கள். சின்ன டீசல் வண்டி சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினம் கால்மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 4 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 360 ரூபாய்! தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவருக்கு இது சின்னக் காசா?

பெரிய வண்டி விஷயம் வேறு

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பஸ்சிலும் பெரிய லாரியிலும் பிரேக் பிடிப்பது காற்று. ராத்திரி நின்ற வண்டியில் காற்று கசிந்து இறங்கியிருக்கும். என்ஜினை ஓடவிட்டு, காற்றழுத்த முள் உரிய இடத்துக்கு ஏறிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது. இது உயிர் விஷயம்.

ஆனால் காற்று ஏறிய பிறகும் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று உறுமிக்கொண்டு நிற்பது ஏன்? காரணம் பல சமயம் பனி அல்ல. "ஆப் பண்ணினா திரும்ப செல்ப் எடுக்காது சார். ஜனங்களைக் கூப்பிட்டுத் தள்ளணும்" என்று டிரைவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் குற்றம் டிரைவர் மேல் இல்லை. நல்ல பேட்டரி வாங்கிப் போடாத முதலாளி மேல்தான். அது அரசாங்க பஸ் ஆனாலும் சரி, தனியார் பஸ் ஆனாலும் சரி!

புகையைக் குடிப்பது யார்?

டீசல் புகை நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே தீர்மானமாக அறிவித்துவிட்டது. சிகரெட்டை எந்த வரிசையில் வைத்திருக்கிறதோ, அதே வரிசையில்தான் டீசல் புகையையும் வைத்திருக்கிறது.

மார்கழிக் காலையில் காற்று அசையாது. பனியோடு சேர்ந்து புகை தரைமட்டத்திலேயே தங்கும். அதைக் குடிப்பவர்கள் யார்? கோலம் போடுகிறவர்கள். பேப்பர் போடும் பையன்கள். பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர்கள். பூக்கட்டும் பாட்டி. பள்ளிக்கூட வேன் பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் மேலாக அந்த டிரைவர். மற்றவர்கள் கொஞ்ச நேரம் குடிக்கிறார்கள். அவர் வாழ்நாள் பூராவும் குடிக்கிறார்!

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். நிறுத்திய வண்டியில் என்ஜினைச் சும்மா ஓடவிட்டால் அங்கே அபராதம். அங்கே மறக்காமல் சாவியைத் திருப்பும் அதே கை, ஊருக்கு வந்ததும் மறந்துவிடுவானேன்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

மஞ்சள் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். என்ஜின் தானாகச் சூடேறிவிடும். டர்போ உள்ள வண்டி என்றால், தூரப் பயணம் முடித்து நிறுத்தும்போதுதான் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். நம் ஆட்கள் அதைச் செய்வதில்லை. அவசியமானதை விட்டுவிட்டு அவசியமில்லாததைச் செய்கிறோம்!

2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது புதுக்கோட்டை. "என்ஜினை நிறுத்தவும்" என்று பஸ் ஸ்டாண்டிலும் வேன் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் நாலு போர்டு வைக்க மாநகராட்சிக்குப் பெரிய பணம் தேவையில்லை. போக்குவரத்துப் போலீசார் முதலில் வாய்வார்த்தையாகச் சொல்லட்டும். டிரைவர் சங்கங்களும் பட்டறைக்காரர்களும் மனம் வைத்தால் ஒரே மார்கழியில் இந்தப் பழக்கம் போய்விடும்.

டிரைவர் தம்பிகளே! நாளை காலை டீ குடிக்க இறங்கும்போது சாவியைத் திருப்பிவிட்டு இறங்குங்கள். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் வண்டி கிளம்பும். பயப்பட வேண்டாம்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து வைப்பார்.