படிக்காத புஸ்தகங்களின் கோபுரம்

எங்கள் திருவண்ணாமலையின் கீழைக் கோபுரத்துக்கு நிலைகள் 11. உயரம் 217 அடி. இவ்வூரில் இன்னொரு கோபுரமும் உண்டு. அது என் வீட்டுக் கூடத்து மேஜையின் மேல் நிற்கிறது. நான் வாங்கி வைத்து இன்னும் படிக்காத புஸ்தகங்களால் ஆனது. அதற்குக் கும்பாபிஷேகம் என்றைக்கு என்று என் மனைவி அடிக்கடி விசாரிப்பாள். சென்ற வாரம் அது சரிந்து, காப்பித் தம்ளரைக் கவிழ்த்து, ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களை நனைத்தது. தாள்களை வெயிலில் உலர்த்தியபடியே யோசித்தேன்: இத்தனை புஸ்தகங்கள் எப்படிச் சேர்ந்தன?

எல்லாவற்றுக்கும் வித்திட்டது ஒரு நாவல். ஸ்ரீ ஜெயமோகன் எழுதி 1997-இல் வெளிவந்த 'விஷ்ணுபுரம்'. பூகோளப் படத்தில் இல்லாத ஒரு கோயில் நகரம். முதற் பாகத்தில் அங்கே திருவிழா; இரண்டாவதில் பண்டிதர்களின் ஞானவாதம்; மூன்றாவதில் பிரளயம் வந்து ஊரே அழிகிறது. கோயிலூர்க்காரனாகிய நான் அதை ஒரு கார்த்திகை மாதத்தில் படித்தேன். அவ்வாண்டு தீபத்தன்று மலையுச்சியைப் பார்த்ததைவிட, மாடவீதியில் பசியோடு நின்ற கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

இவ்வளவு பெரிய மாயத்தைக் கட்டிய மனிதர் எவற்றைப் படிக்கிறார் என்று அறிய ஆவல் எழுந்தது. புராணங்களும் மந்திர தந்திரங்களும் இருக்குமென்று எண்ணினேன். அவற்றுக்கும் இடம் உண்டுதான். ஆனால் அவருடைய 'கண்ணீரைப் பின்தொடர்தல்' என்ற கட்டுரை நூலைத் திறந்தால், அங்கே பேசப்படுபவை நம் தேசத்துப் பிற பாஷை நாவல்கள். நாட்டு வைத்தியர்கள், குடியானவர்கள், பிரிவினையில் வீடிழந்தவர்கள்! மாய நகரத்துக்குக் கல் சுமந்தவர்கள் இவர்கள்தாமோ என்று வியந்தேன். அன்று தொடங்கி அந்நூல்களை ஒவ்வொன்றாக வாங்கலானேன்.

அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' கிழக்கு வங்காளத்து நீர்வெளிகளின் கதை, தமிழாக்கியவர் சு. கிருஷ்ணமூர்த்தி. குர்அதுலைன் ஹைதர் 1959-இல் உருதுவில் எழுதிய நாவலைச் சௌரி 'அக்னி நதி' என்று தமிழில் தந்தார். மௌரியர் காலத்தில் தோன்றும் மாந்தர், அதே பெயர்களோடு மீண்டும் மீண்டும் பிறந்து, தேசப் பிரிவினை வரை வந்து சேர்கிறார்களாம். இதைவிட அற்புதக் கதை வேறென்ன வேண்டும்? வங்கத்துக் கிராமத்தையும் லட்சுமணபுரியையும் அறிந்துகொள்ள நாம் லண்டன் மார்க்கமாகப் போக வேண்டியதில்லை என்பதை இந்த மொழிபெயர்ப்பாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள்.

ஆனால் வாங்குவது எளிது, படிப்பதல்லவா கஷ்டம்? எனக்கு வயது 45. பள்ளிக்கூட வேலை போக வருஷத்துக்கு 20 புஸ்தகங்கள் படிக்கலாம். எழுபது வயது வரை கண் ஒத்துழைத்தால் மொத்தம் 500. உலகத்தில் உள்ள நல்ல நூல்களோ கணக்கிலடங்கா. இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து, கோபுரம் கடன்காரனைப் போல் என்னைப் பார்க்கத் தொடங்கியது. அவசர அவசரமாகப் படித்தேன். படித்தது மனத்தில் தங்கவில்லை.

இதற்கிடையில் என் தாயாருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று, தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதன'த்தை, த.நா. குமாரஸ்வாமியின் தமிழில், இரவு தோறும் உரக்கப் படித்துக் காட்டினேன். 1956-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற வங்க நாவல் அது. கதாநாயகர் ஜீவன் மஷாய் கிராமத்து வைத்தியர். நாடியில் கை வைத்தால் மரணத்தின் காலடி ஓசை அவருக்குக் கேட்டுவிடும். தம் சொந்த மகனின் நாடியிலும் அதைக் கேட்கிறார்.

அந்த இடம் வந்ததும் அம்மா கையமர்த்தினாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உன் அப்பாவுக்குக் கடைசியாக நாடி பார்த்த வைத்தியர், ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டதடா! உங்களுக்கெல்லாம் சாதம் போட்டுவிட்டுத்தான் அழுதேன்" என்றாள்.

அப்பா காலமாகி இருபது வருஷங்கள் ஆகின்றன. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த ஒரு நூலைப் படித்து முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. என் கணக்குப்படி இது பெருத்த நஷ்டம். நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. சரிந்த புஸ்தகங்களை நேற்று மறுபடி அடுக்கினேன். "அடுத்தது எது?" என்று அம்மா கேட்டாள். "நீயே எடு" என்றேன். எழுத்துத் தெரியாத கண்களோடு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கனமான ஒன்றை உருவி நீட்டினாள்.

'அக்னி நதி'. இன்றிரவு ஆரம்பம்.