7 நிமிடத்தில் 1,500 மீட்டர்... போலீஸ் தேர்வுக்கு ஓடுபவர்கள் கவனிக்க மறக்கும் விஷயம்!

விடியற்காலை நேரம். வேடசந்தூரைச் சுற்றியுள்ள சாலைகளில், நைட் ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு மில் பஸ்கள் திரும்பிக்கொண்டிருக்கும். அதே சாலை ஓரங்களில் டிராக் பேன்ட், டி-ஷர்ட்டுடன் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். உடம்பைக் குறைக்க ஓடுபவர்கள் சிலர். காவலர் தேர்வை மனதில் வைத்து ஓடுபவர்கள் பலர்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. ஒரு விநாடி கூடினாலும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. ஷிஃப்டுக்கு நடுவே மாதக்கணக்கில் படித்து எழுத்துத் தேர்வில் தேறியவருக்கு, வீட்டின் முதல் அரசு வேலை அந்த ஒரு விநாடியில் நழுவிவிடலாம்.

ஏழேகால், ஏழரை நிமிடத்தில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்கிறார்கள். இன்னும் அதிக தூரம், இன்னும் அதிக வேகம் என்று உடம்பை விரட்டுகிறார்கள். பயிற்சி அவசியம்தான். ஆனால், எப்படி ஓடுகிறோம் என்பதை ஒருமுறைகூடப் பார்க்காமல் தூரத்தை மட்டும் கூட்டினால், தவறும் சேர்ந்தே கூடும்.

ஆயிரம் முறை நடக்கும் தவறு

ஒரு சின்ன கணக்கு. நிமிடத்துக்கு 160 காலடி வைப்பவர், 7 நிமிடத்தில் 1,120 காலடி வைக்கிறார். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை தாக்கும். 60 கிலோ எடை உள்ளவர் என்றால் ஒவ்வோர் அடிக்கும் 120 முதல் 180 கிலோ. அதை ஒரே காலில் தாங்க வேண்டும்.

ஒரு காலடியில் இருக்கும் சிறிய பிழை பெரிதாகத் தெரியாது. அதுவே ஆயிரம் முறை நடந்தால், முழங்கால் வலியாகவும் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்குவதாகவும் வெளியே வரும்.

பாட்டியின் குடம் சொல்லும் பாடம்

தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்து ஆடாது. பார்வை முன்னால் இருக்கும். எட்டி எட்டிக் கால் வைக்க மாட்டார்கள். சின்னச் சின்ன அடிகளாக, வேகமாக வைப்பார்கள். தண்ணீர் சிந்தாது. ஓட்டத்துக்கும் ஏறக்குறைய இதே பாடம்தான். தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பார்க்கலாம்.

தலை: பலர் களைப்பு வந்ததும் காலைப் பார்த்து ஓடுவார்கள். தலை தொங்கினால் முதுகு வளையும், நெஞ்சு சுருங்கும், மூச்சு விரிந்து வாங்க முடியாது. 15, 20 மீட்டர் தள்ளி சாலையைப் பாருங்கள். நாள் முழுக்க குனிந்து போன் பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

தோள்: காதை நோக்கி ஏறியிருக்கிறதா? ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறக்குங்கள்.

கை: முஷ்டியை இறுக்கினால் அந்த இறுக்கம் தோள்வரை போகும். உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்திருப்பதுபோல் பிடித்தால் போதும். முழங்கையை மடக்கி, கையை முன்னும் பின்னுமாக வீசுங்கள். நெஞ்சைக் குறுக்காகக் கடந்தால் இடுப்பும் சேர்ந்து திரும்பும், சக்தி வீணாகும்.

இடுப்பு: ஓடும்போது உடல் லேசாக முன்னால் சாயலாம். அந்தச் சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும். இடுப்பில் மடிந்து குனிந்தால் கால் தூக்கவே கஷ்டப்படும்.

கால்: அதிகம் பேர் தவறுவது இங்கேதான். எட்டி வைத்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைக்கிறோம். முழங்காலைத் தாண்டி வெகு முன்னால் குதிகால் போய் இறங்கினால், அது ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடிப்பதற்குச் சமம். உடம்புக்குக் கீழே, இடுப்புக்குப் பக்கமாகக் கால் இறங்கட்டும். சத்தத்தைக் கேளுங்கள். 'தொப் தொப்' என்று கேட்டால் அடி பலமாக விழுகிறது என்று அர்த்தம்.

எத்தனை காலடி?

30 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். அதை நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கான காலடிகள் கிடைக்கும். 38 வந்தால் 152. அதை 5 சதவிகிதம் கூட்டினால் சுமார் 160. அதாவது, 30 விநாடிக்கு 40 முறை. காலடிகளை இப்படிச் சிறிது கூட்டும்போது முழங்கால், இடுப்பு மூட்டுகளின் சுமை குறைகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ரோனோம் ஆப்பில் 160 என்று வைத்து, 'டிக் டிக்' சத்தத்துக்கு ஏற்பக் காலை வைத்துப் பழகலாம்.

'எல்லோரும் 180 வைக்க வேண்டும்' என்று இன்ஸ்டாகிராமில் சொல்வார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், போட்டியில் ஓடிய உச்சகட்ட வீரர்களின் காலடிகளை எண்ணியதிலிருந்து பரவிய எண் அது. உயரமும் வேகமும் மாறினால் எண்ணும் மாறும். உங்கள் எண்ணிலிருந்து கொஞ்சம் கூட்டினால் போதும்.

அழகாக ஓட வேண்டுமா?

தேவையில்லை. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜடோபெக் தலையை ஆட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஓடுவார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் அவருக்குத்தான். பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட, எங்கே சக்தி வீணாகிறது என்பதே முக்கியம்.

அதைக் கண்டுபிடிக்க உங்கள் போன் போதும். தரையில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் ஓடி ஸ்லோ மோஷனில் 10 விநாடி வீடியோ எடுங்கள். ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒன்று, களைத்த பிறகு ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தலை எப்போது தொங்குகிறது, கால் எங்கே எட்டுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

களைப்பில்தான் கவனம் தேவை

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஜி.லட்சுமணன். அதற்கு முந்தைய ஆண்டு புவனேஸ்வர் ஆசிய தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 25 சுற்று ஓடி முடித்த பிறகு, அவருடைய கால் ஓடுதளத்தின் உள்கோட்டைத் தாண்டிப் பட்டதாகச் சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள். வெண்கலம் அடுத்து வந்த சீன வீரருக்குப் போனது.

அவர் ஓடும் விதத்தில் குறை என்று சொல்ல முடியாது. ஆசியாவின் சிறந்த வீரருக்கே ஒரு காலடி இப்படி விலை வைக்கும்போது, மற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். களைப்பு கூடக் கூட, கால் எங்கே போகிறது என்ற நினைப்பு குறைந்துவிடும். அதனால் ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்: தலை, தோள், கை, கால். பத்து விநாடி வேலை. கடைசிச் சுற்றில் இது தானாக வர வேண்டும் என்றால், பயிற்சியின்போதே பழகியிருக்க வேண்டும்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம் தலை, தோள் மட்டும். இரண்டாம் வாரம் கை. மூன்றாம் வாரம் காலடி எண்ணிக்கை. நான்காம் வாரம் எல்லாவற்றையும் சேர்த்து, தேர்வு வேகத்தில் ஓடிப் பாருங்கள். தேர்வு வேகம் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி, 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி. முதல் சுற்றை 90 விநாடியில் பறந்துவிட்டு கடைசியில் நடப்பதைவிட, ஒவ்வொரு சுற்றையும் 108-ல் முடிப்பது மேல்.

இவற்றையும் மறக்காதீர்கள்

* எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஓடும் விதம் மாறினால் கெண்டைக்கால் தசைக்குப் புதிய சுமை வரும்.
* தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்தால் காலடியை மாற்ற வேண்டாம். தலை, தோள் போதும்.
* சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். சாலை ஓரம் சரிவாக இருந்தால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். பள்ளி மைதானமோ சமமான மண் பாதையோ கிடைத்தால் அதுவே நல்லது.
* நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அன்று வேகப் பயிற்சி வேண்டாம். முதலில் தூக்கம்.
* ஓடி முடித்த மறுநாளும் ஒரே இடத்தில் வலி இருந்தால், வீக்கம் தெரிந்தால், ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். ஸ்பிரே அடித்துக்கொண்டு ஓடுவது தேர்வு நாளையே கெடுத்துவிடும்.

நாளைக் காலையில் வழக்கமான தூரத்தையே ஓடுங்கள். கூடுதலாக ஒரு வேலை மட்டும்: அந்தப் 10 விநாடி வீடியோவை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் எடுக்கும் வீடியோவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.