லீஸ் இல்லை சாமி, அது ஒத்தி!

பெங்களூர் வந்த புதுசில் நானும் "லீஸுக்கு" வீடு எடுத்தவன்தான். மொத்தமாக 8 லட்சம் கொடுத்தால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்றார் புரோக்கர். அவர் நீட்டிய 11 மாச ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வருஷத்தில் கேட்டில் பேங்க் நோட்டீஸ்! ஓனர் வீட்டை முன்னாடியே அடமானம் வைத்திருந்தார். பணம் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது.

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது குத்தகையே இல்லையாம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவு: போக்கிய அடமானம். நம்ம பாட்டி பாஷையில் ஒத்தி. அதாவது ஓனர்தான் கடன்காரர், நாம் கடன் கொடுத்தவர். ஆனால் "சார், குழாயை ரிப்பேர் பண்ணித் தருவீங்களா?" என்று கைகட்டி நிற்பது யார்?

59ஆம் பிரிவுப்படி தொகை 100 ரூபாயைத் தொட்டாலே பத்திரம் பதிவாகணும், இரண்டு சாட்சி வேணும். முறையாகப் பதிந்திருந்தால், பணத்தைத் தராமல் ஓனர் உங்களை வெளியேற்ற முடியாது. 11 மாசப் பேப்பருக்கு அந்த பலம் கிடையாது.

ஆனால் ஏற்கெனவே பேங்கில் இருக்கும் வீடென்றால் பதிவும் காப்பாற்றாது. வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பாதீங்க. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் வராமலே போகலாம். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்க. காட்ட மறுத்தால் பேசாமல் வாடகைக்குப் போங்க.

"பதிவுச் செலவு தண்டம் சார்" என்பார் புரோக்கர். அரை ஏக்கர் ஒத்திக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் படியேறியவர் என் தாத்தா. படித்த நமக்கு, இங்கிலீஷில் "லீஸ்" என்றதும் எங்கே போச்சு புத்தி?