தண்ணீரைக் குறைத்தால் திரும்பி வரும் நீர்க்கடுப்பு

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. சுற்றிலும் தொழிற்சாலைகள். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் இந்தப் பக்கம் ஏராளம். லைனில் நின்றுவிட்டால் நினைத்தபோது பாத்ரூம் போக முடியாது, மாற்று ஆள் வர வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்வது ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்களிடம் சகஜம். அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், உடனே மறுபடி போகத் தோன்றுவது, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் வலி. 'உடம்புச் சூடு' என்று இளநீரும் மோரும் குடித்துச் சமாளிக்கிறோம். வெயிலால் வந்த கடுப்பு அதில் அடங்கலாம். கிருமித்தொற்று என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 6 மாதங்களில் 2 முறை அல்லது ஓராண்டில் 3 முறை வந்தால், அது 'திரும்பத் திரும்ப வரும் தொற்று'.

பெரும்பாலும் காரணம், நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை பாக்டீரியா. பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான் என்பதால் கிருமி சீக்கிரம் பைக்குள் ஏறிவிடுகிறது. 'சுத்தமில்லாதவள்' என்று பழி சொல்வது அநியாயம். அந்தப் பேச்சுக்குப் பயந்து சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவினால், காவல் காக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அழியும். தாம்பத்ய உறவுக்குப் பிறகு தொற்று வருவதும் சாதாரணமே. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லலாம்.

தண்ணீர் உண்மையிலேயே உதவுமா? 2018-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அடிக்கடி தொற்று வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேர் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. கிட்டத்தட்ட பாதி! (சிறுநீரகம், இதயப் பிரச்னைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.)

குடித்தால் போகத்தானே வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவிலேயே, தொழிலாளர் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் கழிப்பறை எளிதில் போய்வரும்படி இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அதனால் பாத்ரூம் இடைவேளையைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. சூப்பர்வைசரிடம் தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம்.

அடுத்தது, மெடிக்கல் ஷாப் பழக்கம். போன தடவை கொடுத்த மாத்திரையையே வாங்கி, எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறலாம். திரும்பத் திரும்ப வருகிறதென்றால், முதல் மாத்திரைக்கு முன்பே யூரின் கல்ச்சருக்குக் கொடுப்பது நல்லது. எந்த மருந்து கேட்கும் என்று அதில்தான் தெரியும். முடிவு வர இரண்டு, மூன்று நாளாகும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதும் காரணமாகலாம்; அதற்குப் பூசும் க்ரீம் உண்டு, மருத்துவர் எழுதித் தருவார். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது. குளிருடன் காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி இருந்தால் கிருமி சிறுநீரகம்வரை போயிருக்கக்கூடும். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.