சிறுமியரை மைதானத்திலிருந்து அகற்றுவது பாதுகாப்பு ஆகாது: கண்டன அறிக்கை

சாந்திபுரம், சித்தூர் மாவட்டம்

சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தரும் பயிற்சியாளர்களும், விளையாட வரும் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எமது சங்கம், இவ்வட்டாரத்தில் உள்ள கால்பந்து கிளப் ஒன்றின் நிர்வாகம் எடுத்த முடிவை வன்மையாகக் கண்டிக்கிறது. பொதுக்குழுவில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தின்படி இவ்வறிக்கை வெளியிடப்படுகிறது.

நடந்தது இது. கிளப்பில் பொறுப்பு வகிக்கும் ஒருவரின் நடத்தை குறித்துச் சிறுமி ஒருவரின் தாய் நிர்வாகிகளிடம் புகார் சொன்னார். நிர்வாகிகள் புகாரை எழுதி வாங்கவில்லை. காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும் என்று தாயிடம் கேட்டார்கள்.

அடுத்த வாரம் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. பாதுகாப்பு காரணமாகச் சிறுமியர் பயிற்சி மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுவதாக அதில் இருந்தது. சிறுவர் பயிற்சி நிற்கவில்லை. புகாருக்கு உள்ளானவர் மைதானத்துக்கு வருவதும் நிற்கவில்லை.

கிளப்பின் பெயரையும், சம்பவத்தின் நாளையும் இடத்தையும் நாங்கள் வெளியிடவில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். சிறிய ஊரில் கிளப்பின் பெயரைச் சொல்வதும் பிள்ளையின் பெயரைச் சொல்வதும் ஒன்றே. தெரிந்த விவரங்கள் அனைத்தையும் காவல்துறையிடம் எழுத்தில் அளித்துவிட்டோம். குற்றம் நடந்ததா என்பதை விசாரணையும் நீதிமன்றமும் முடிவு செய்யும். நிர்வாகம் செய்தது என்ன என்பதை மட்டுமே இவ்வறிக்கை பேசுகிறது.

நிர்வாகம் தன் சட்டக் கடமையைச் செய்யவில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாக அறியவரும் எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது 21-ஆவது பிரிவின்படி குற்றம். தன் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புகார் உண்மையா என்று முதலில் விசாரித்துப் பார்க்கும் அதிகாரத்தைக் கிளப் செயலாளருக்கு எந்தச் சட்டமும் தரவில்லை.

நிர்வாகம் பஞ்சாயத்து பேசியது. நிலத் தகராறுக்கு உட்கார்ந்து பேசுவதைப் போல, ஒரு குழந்தையின் உடலைப் பற்றிய புகாருக்கும் உட்கார்ந்து பேசியது. இந்தக் குற்றத்தில் இரு தரப்பு சமரசத்துக்கு இடமில்லை. அந்தத் தாய் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது செல்லாது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நிர்வாகம் புகார் சொன்ன பக்கத்தைத் தண்டித்தது. ஒரு பிள்ளை வாய் திறந்ததால் அத்தனை சிறுமியரும் விளையாட்டை இழந்தார்கள். தம் பயிற்சி யாரால் நின்றது என்று அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. இனி எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பதே அந்த அறிவிப்பு பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்த பாடம். வீட்டில் சொன்னால் விளையாட அனுப்பமாட்டார்கள் என்ற அச்சத்தில்தான் பிள்ளைகள் ஏற்கெனவே பலவற்றை மறைக்கிறார்கள். அந்த அச்சம் சரியே என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி செய்திருக்கிறது.

நிர்வாகம் சமத்துவத்தை மீறியது. இந்த மீறல் புகாருக்குப் பின் தொடங்கியதன்று. சிறுவர் ஆடி முடித்து வெளிச்சம் மங்கிய பிறகே சிறுமியருக்கு மைதானம் கிடைத்தது. சிறுவர் ஆடித் தேய்ந்த பந்துகள் அவர்களிடம் வந்தன. உடை மாற்ற அவர்களுக்கு இருந்த இடம் தாழ்ப்பாள் இல்லாத சாமான் அறை. ஒருவர் கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் உடை மாற்றினார்கள். பாதுகாப்பைப் பற்றி நிர்வாகத்துக்குக் கவலை இருந்திருந்தால், அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வந்திருக்கும்.

பெண்களின் நலனுக்காகவே பெண்களை விலக்குகிறோம் என்ற வாதம் கால்பந்துக்குப் புதிதன்று. இங்கிலாந்து கால்பந்து சங்கம் 1921 டிசம்பரில், இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டமன்று என்று கூறித் தன் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அந்தத் தடை 50 ஆண்டுகளுக்குப் பிறகே விலகியது. அந்த 50 ஆண்டுகளில் ஆட வேண்டிய பெண்கள் பலர் ஆடாமலேயே முதுமை அடைந்தார்கள். எமது பிள்ளைகளுக்கு மறு அறிவிப்பு வரும்வரை என்று சொல்லப்பட்டிருக்கிறது. 13 வயதுப் பிள்ளைக்கு மறு அறிவிப்பு இரண்டு ஆண்டு கழித்து வந்தால் அவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமையை அதன் 19-ஆவது உறுப்பும், விளையாடும் உரிமையை 31-ஆவது உறுப்பும் கூறுகின்றன. இரண்டும் ஒரே குழந்தைக்கு உரியவை. ஒன்றைப் பறித்து மற்றொன்றைத் தருவதாகச் சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.

நிர்வாகம் சிறுவர்களையும் கைவிட்டது. பெண் பிள்ளைகளை அனுப்பிவிட்டால் ஆபத்து நீங்கும் என்று அது கருதியது. போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண், பெண் அனைவரையும் குழந்தை என்றே கூறுகிறது. இங்கிலாந்தில் 2016 நவம்பரில் ஆண்டி உட்வர்டு என்ற முன்னாள் வீரர், சிறுவயதில் தம் பயிற்சியாளரால் தமக்கு நேர்ந்ததை வெளியே சொன்னார். அதன்பின் நூற்றுக்கணக்கான ஆண்கள் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். இவற்றை ஆராய்ந்து 2021 மார்ச்சில் வெளியான ஷெல்டன் அறிக்கை, 1995 அக்டோபர் முதல் 2000 மே வரை குழந்தைகளைப் பாதுகாக்கப் போதிய நடவடிக்கை எடுக்காதது இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் நிறுவனத் தவறு என்று பதிவு செய்தது. இங்கோ, புகாருக்கு உள்ளானவரிடம் இன்று பயிற்சி பெறும் சிறுவர்களின் பெற்றோருக்குக்கூட நிர்வாகம் எதையும் தெரிவிக்கவில்லை.

நம் நாட்டில் நடந்தவற்றையும் நிர்வாகம் அறியும். 2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். முதல் புகாருக்குப் பிறகு, அவரிடம் முன்பு பயிற்சி பெற்ற வேறு சிலரும் புகார் அளிக்க முன்வந்தார்கள். அத்தனை காலமும் அவர்கள் சொல்வதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.

2022-இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான மகளிர் உலகக் கோப்பையை இந்தியா நடத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஐரோப்பாவில் பயிற்சிப் பயணத்தில் இருந்த நம் சிறுமியர் அணியின் உதவிப் பயிற்சியாளர் பாலியல் முறைகேட்டுப் புகாரில் இடைநீக்கம் செய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். ஜூலையில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அணி கலைக்கப்படவில்லை. சிறுமியர் அக்டோபரில் உலகக் கோப்பையில் ஆடினார்கள். புகாருக்கு உள்ளானவரை அகற்றி, பிள்ளைகளை ஆடவிடுவதே முறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 மார்ச் மாத இறுதியில், இந்திய மகளிர் லீக் இரண்டாம் பிரிவில் ஆட ஹிமாச்சலப் பிரதேசத்திலிருந்து கோவா சென்ற அணியின் வீராங்கனைகள் இருவர், தம் விடுதி அறைக்குள் புகுந்து ஒருவர் தம்மைத் தாக்கியதாகப் புகார் அளித்தார்கள். புகாருக்கு உள்ளானவர் அவர்களுடைய கிளப்பின் நிர்வாகி. மாநிலக் கால்பந்து சங்கத்தின் பொதுச்செயலாளர். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர். கிளப்பிலும் மாநிலத்திலும் நாட்டிலும் அவர்கள் முறையிடச் செல்ல வேண்டிய இடத்தில் அவரே இருந்தார். அவர்கள் காவல்துறையிடம் சென்ற பிறகே அவர் கைது செய்யப்பட்டார், கூட்டமைப்பு அவரை இடைநீக்கம் செய்தது.

இங்கும் அதே நிலைதான். அணியைத் தேர்வு செய்பவரும், வேனில் பிள்ளைகளை அழைத்துச் செல்பவரும், வெளியூர்ப் போட்டியில் அறை ஒதுக்குபவரும், புகாரைக் கேட்பவரும் ஒருவரே. அவரைப் பகைத்துக்கொண்டால் பிள்ளைக்கு அணியில் இடமில்லை. இந்த அதிகாரத்தை நிர்வாகம் தெரிந்தே ஒருவர் கையில் விட்டிருந்தது.

நிர்வாகம் முன்கூட்டிச் செய்ய வேண்டியதையும் செய்யவில்லை. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் உட்பட, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் அனைத்தும் தம் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஃபிஃபா 2019-இல் தன் 211 உறுப்புச் சங்கங்களுக்கும் குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டியை வழங்கியது. எமக்குத் தெரிந்தவரை இக்கிளப்பில் எவருடைய பின்னணியும் சரிபார்க்கப்படவில்லை. நமக்குத் தெரிந்த பையன்தான் என்பதே நிர்வாகம் தந்த பதில்.

நிர்வாகம் பெற்றோரை இருட்டில் வைத்தது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் பகுதி இது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும், தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். சேர்க்கைப் படிவமும் ஒப்புதல் கடிதமும் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளன. யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்பது எந்த மொழியிலும் இல்லை. பெற்றோர் படிக்க முடியாத தாளில் பெற்ற கையெழுத்தை ஒப்புதல் என்று எமது சங்கம் ஏற்காது.

போட்டிக்காகப் பிள்ளைகள் கிருஷ்ணகிரிக்கும் கோலாருக்கும் செல்கிறார்கள். வேறு மாநிலத்தில் நடந்தால் இங்கே புகார் எடுக்கமாட்டார்கள் என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. இது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். போக்சோ சட்டத்தின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரியே பெற வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரமும் உதவி கேட்கலாம்.

எமது சங்கம் பின்வருவனவற்றைக் கோருகிறது.

சிறுமியர் பயிற்சி நிபந்தனையின்றி உடனே தொடங்க வேண்டும். சிறுவருக்கு உள்ள அதே நேரம், அதே மைதானம், அதே பந்துகள் அவர்களுக்கும் வேண்டும்.

புகாருக்கு உள்ளானவர் விசாரணை முடியும்வரை பிள்ளைகள் உள்ள எந்த இடத்துக்கும் வரக் கூடாது.

புகாரை மறைத்த நிர்வாகிகள் பொறுப்பிலிருந்து விலக வேண்டும்.

அணித்தேர்வில் தொடர்பில்லாத பெண் ஒருவர் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமிக்கப்பட வேண்டும். அவருடைய தொலைபேசி எண் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மைதானத்தில் எழுதிவைக்கப்பட வேண்டும்.

வெளியூர்ப் பயணத்தில் பெற்றோரில் இருவராவது உடன் செல்ல வேண்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியே பயணம் செய்யக் கூடாது, தனியே குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது.

சிறுமியருக்குத் தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை வேண்டும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இவ்வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் எல்லா கிளப்புகளையும் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். எமது சங்க உறுப்பினர்கள் நடத்தும் பயிற்சி இடங்களும் அந்த ஆய்வுக்கு உட்பட்டவை. எமது பயிற்சியாளர்கள் அனைவரும் காவல்துறைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே பொதுக்குழு தீர்மானித்துள்ளது. விண்ணப்பிக்காதவர் உறுப்பினராகத் தொடர முடியாது.

2018-இலும் 2023-இலும் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஊர் மைதானங்களில் சிறுமியரை ஆடவிட்டதால்தான் அந்த அணிகள் உருவாயின. எல்லைக்கு இப்பால் உள்ள எமது பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு. பட்டம் வெல்லப்போகாத பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

சிறுமியர் பயிற்சி தொடங்கும்வரை எமது உறுப்பினர் எவரும் அக்கிளப் நடத்தும் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றமாட்டார். எமது அணி எதுவும் அதனுடன் ஆடாது. நிறுத்தப்பட்ட சிறுமியர் அனைவருக்கும் எமது உறுப்பினர்கள் கட்டணமின்றிப் பயிற்சி தருவார்கள். புகார் அளித்த குடும்பத்தோடு வழக்கு முடியும்வரை சங்கம் நிற்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்,
செயற்குழு உறுப்பினர்கள்