கொடுவாளுக்கு ஒரு வினைச்சொல்

அமிர்தியில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மலையாளித் தம்பி, ஆங்கிலச் செய்தி ஒன்றை நீட்டி, "பிராண்டிஷ்னா என்னண்ணா?" என்று கேட்டான். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல, ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளில் வாழும் பழங்குடிகள்.) ஆயுதத்தை ஓங்கி, ஆட்டிக் காட்டி மிரட்டுவது என்றேன். செய்தியில் இருந்தவை அரிவாளும் கோடாரியும். "அப்ப எங்கப்பா கையில இருக்குற கொடுவாளும் ஆயுதந்தானா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தேடினேன். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. அந்தப் பிரெஞ்சில் 'பிரான்ட்' என்றால் வாள். அதற்கும் முன்னால், ஜெர்மானிய மொழிகளில் அது தீயைக் குறித்தது, எரியும் கொள்ளிக்கட்டையைக் குறித்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதற்கான 'பிராண்ட்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். மாட்டின் தோலிலும், அடிமையின் உடலிலும், குற்றவாளி என்று சொல்லப்பட்டவனின் உடலிலும் போட்ட சூடு அது. இன்று நம் சட்டைக் காலரில் தைத்திருப்பதும் அதே சொல். வாளைச் சுழற்றுவதும் ஒருவன் மேல் முத்திரை குத்துவதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த வினைச்சொல்லை எங்கே போடுகிறார்கள் என்று கவனியுங்கள். 'அவன் கையில் அரிவாள் இருந்தது' என்று எழுதினால், எதற்கு வைத்திருந்தான் என்று கேட்க இடம் இருக்கிறது. புல் அறுக்கப் போயிருக்கலாம், விறகு வெட்டப் போயிருக்கலாம். 'பிராண்டிஷ் செய்தான்' என்று எழுதிவிட்டால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. கையில் இருந்தது ஆயுதம், அது உயர்ந்தது, மிரட்டும் நோக்கத்தில் உயர்ந்தது என்ற மூன்று குற்றச்சாட்டுகளும் சாட்சி இல்லாமலே நிரூபணமாகிவிடுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகளும் இதில் சளைத்தவை அல்ல. 'பயங்கர ஆயுதங்களுடன்' என்ற நம் தேய்ந்த தொடர் அதே வேலையைத்தான் செய்கிறது.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையிலும், அதன் அடிவாரத்தில் கண்ணமங்கலம் பக்கத்து ஊர்களிலும் பிணங்கள் வந்து இறங்கின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கல், அரிவாள், கோடாரியோடு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலீஸ் தரப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது ஆணையம். பேருந்தில் உட்கார்ந்திருந்தவன் எந்தக் கோடாரியை ஓங்கினான்?

மோதல் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கையும் சுயேச்சையான விசாரணையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில்தான் சொல்லியிருந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அந்தத் தம்பியின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. சாமைக் கொல்லையில் முள் வெட்டும் கொடுவாளுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஏட்டில் இருக்கும் விலக்கு சோதனைச் சாவடி வரை வந்து சேர்வதில்லை. கொடுவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டுதான் மலைக்காரர் பஸ் ஏறுகிறார்.

இன்னொரு விலக்கும் உண்டு, இதை நம் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். குடகில் கொடவர்களும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை அது. 2019இல் ஒன்றிய அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை நீட்டித்தது. பிறப்பும் நிலமும் இருந்தால் துப்பாக்கி மரபாகிவிடும், இல்லாதவன் கையில் கோடாரியே பயங்கர ஆயுதமாகிவிடும். நம் ஊர்ப்பக்கமும் சாதிச் சங்க ஊர்வலத்தில் வாளோடு போஸ் கொடுத்தவனை 'வீரப் பரம்பரை' என்று பேனர் அடிப்பார்கள். அந்தப் பேனருக்குக் கீழே எழுதும் செய்தியில் யாரும் இந்த வினைச்சொல்லைப் போட்டு நான் பார்த்ததில்லை. வாள் உயர்ந்துதான் இருந்தது, மிரட்டல் யாருக்கு என்பது சேரிக்குத் தெரியும்.

செய்தி எழுதும் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். 'அரிவாளை ஓங்கினர்' என்று உங்கள் வாயால் எழுதாதீர்கள். 'ஓங்கியதாகப் போலீஸ் சொல்கிறது, வேறு சாட்சி இல்லை' என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாது என்று ஆசிரியர் சொல்வார். அப்படியானால் தலைப்பில் இறந்தவர்களின் ஊர்ப்பெயரைப் போடச் சொல்லுங்கள்.