பை வார் உரசிய சட்டைகள்

எதிர்வீட்டு அக்கா சித்திரை மாதம் ஒரு மத்தியான வேளையில் வந்தார். கையில் இரண்டு மஞ்சள் பை. ஒன்பது காக்கிச் சட்டை, ஆறு பருத்திச் சட்டை. மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல ஏதாச்சும் தேறுமா பாரு கண்ணு, ஒரு போர்வை மாதிரி" என்றார்.

அவர் கணவர் இருபத்தேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். போன வருஷம் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே, "போனவங்க துணிய வீட்ல வெச்சிருக்கக் கூடாது" என்று நாத்தனார் நின்று கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்தப் பதினைந்தும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்ததால் தப்பியவை.

பழைய துணியைப் பிரித்து ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கிப் பல வருஷமாகிறது. எனக்கென்று இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். இன்னொருவர் உடுத்தக்கூடிய துணியில் கத்திரி வைக்க மாட்டேன். துவைக்காத துணியை மெஷினில் ஏற்ற மாட்டேன். முதல் கட்டுப்பாட்டுக்காக, இதை வேறு யாராவது உடுத்துவார்களா என்று அக்காவிடம் கேட்டேன். மகன் அப்பாவைவிட அரை அடி உயரம், சட்டை எதுவும் அவனுக்குச் சேராது. காக்கியை வேலைக்கு வெளியே யார் போடுவார்கள்? சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய சட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அதன் கதை தெரிந்துவிடும். காலர் மடிப்பு, கஃப் விளிம்பு, முழங்கை, அக்குள் இவைதான் முதலில் இத்துப்போகும். அங்கெல்லாம் வெளிச்சம் சல்லடை போலப் புள்ளிப் புள்ளியாக வரும். முதுகுப் பாகம் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத்தில் இரண்டேகால் மீட்டர் எடுக்கச் சொல்வார்கள் தையல்காரர்கள். பழைய சட்டையைப் பிரித்தால் நம்பி வெட்டக்கூடியதாக அதில் பாதி தேறினாலே பெரிய விஷயம். பக்கத் தையலை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். மடித்து இரண்டு தடவை ஓட்டிய தையல் அது, பிரித்தாலும் மடிப்புத் தழும்பு போகாது. தையலை ஒட்டி வெட்டி எடுத்துவிடுவதே சுலபம். பாக்கெட்டை மட்டும் பிளேடால் பொறுமையாகப் பிரிக்க வேண்டும்.

பருத்திச் சட்டைகளில் சிக்கல் இல்லை. காக்கிதான் யோசிக்க வைத்தது. ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, தீக்குச்சி காட்டினேன். சுத்தமான பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலால் தொட்டால் சாம்பல் பொடியாகிவிடும். இது எரிந்து முடிந்ததும் நுனியில் கடுகளவு கெட்டியாக உருண்டு நின்றது. பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன். பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டால் பளபளவென்று மினுங்கும், இன்னும் கொஞ்சம் போனால் சுருண்டுகொள்ளும். கனமும் வேறு. புதுத் துணியாக இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தைக்கத் துணியமாட்டேன். முதல் சலவையில் பருத்தி சுருங்கும், டெரிகாட்டன் சுருங்காது, தைத்த இடமெல்லாம் கொசுவிக்கொள்ளும். ஆனால் பதினைந்து வருஷம் கல்லில் அடித்துத் துவைத்த துணியில் சுருங்குவதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது? சாயம் விடுவதென்றாலும் எப்போதோ விட்டு முடித்திருக்கும். பழந்துணியில் தைப்பவருக்கு இது பெரிய நிம்மதி. புதுத் துணி வாங்குகிறவர் செய்ய வேண்டிய பாதி வேலையை அதை உடுத்தியவரே செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நைந்த பருத்தி கத்திரிக்கு அடங்காது, இழுத்த பக்கமெல்லாம் நீளும். அதற்குச் சோறு வடித்த கஞ்சிதான் மருந்து. தண்ணீர் கலந்து, வடிகட்டி, முக்கி எடுத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் துணி அட்டை போல நிற்கும், இழை நேராக வெட்ட வரும். தைத்து முடித்ததும் கஞ்சியை அலசிவிட வேண்டும், இல்லையென்றால் பூச்சி அரிக்கும்.

நம் வீடுகளில் பழந்துணி என்றுமே சும்மா கிடந்ததில்லை. பாட்டி புடவை தூளியாகும், பிறந்த குழந்தைக்கு இடுப்புத் துணியாகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். வேட்டியைக் கிழித்து விளக்குக்குத் திரி திரிப்பார்கள். மிச்சம் எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போகும். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்கிறார்கள். நம் கந்தை என்ற சொல்லும் அந்தப் பெயரும் உறவுக்காரர்கள். அங்கே அது பெருமைக்குரிய பெயராகிவிட்டது. இங்கே இன்னும் வசவாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

காக்கிச் சட்டையின் பாக்கெட்டைப் பிரித்தபோது கை நின்றுவிட்டது. அதன் அடியில் இருந்த துணி வெயிலே படாமல், வாங்கிய அன்றைய நிறத்தில், அடர்ந்த சதுரமாக இருந்தது. சுற்றியிருந்ததெல்லாம் வெளுத்து மண் நிறமாகிவிட்டது. அதைவிட இன்னொன்று. ஒன்பது சட்டையிலும் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை மூன்று விரல் அகலத்தில் ஒரு சாய்ந்த கோடு. டிக்கெட் பையின் தோல் வார் வருஷக்கணக்கில் உரசி, இழை தேய்ந்து, பஞ்சு பறிந்து விழுந்த கோடு.

எனக்கு ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஞாபகம் வந்தன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிற சின்னஞ்சிறு ஊர் அது. பெட்வே என்பவரின் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். பலருக்கு இன்றும் அந்தப் பண்ணைக்காரரின் பெயர்தான் குடும்பப் பெயர். குளிர் புகுந்த வீடுகளில் பிள்ளைகளை மூடுவதற்கு, வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டையும் மேல்சட்டையும்தான் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த துணி. முழங்கால் பக்கம் வெளுத்த நீலம், பாக்கெட் இருந்த இடத்தில் அடர்ந்த நீலம். அதை மறைக்காமல் அப்படியே வைத்துத் தைத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலைத் துணிகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அவர் துணிக்குள்ளேயே போர்த்திக்கொள்ளவும் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் அவரவர் வீட்டுப் போர்வைக்குப் போயின. 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னியிலும் சுவரில் தொங்கின. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. மிசூரியின் போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு காக்கிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது அந்தப் பெண்தான் எனக்கு வழி சொன்னார்.

இன்றைக்குப் புதுத் துணியை மீட்டர் மீட்டராக நெய்து, சதுரம் சதுரமாக நறுக்கி, ஒட்டுப்போர்வை தைப்பதற்கென்றே கட்டுக் கட்டாக விற்கிறார்கள். தைப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இல்லாமையில் பிறந்த ஒரு கைவேலைக்காகப் புதிதாகத் துணி நெய்து நறுக்குவதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. பின்னலாடை ஊரான திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட்டைக்கூட அரைத்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கிறார்கள். துண்டுத் துணிக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

வெட்டத் தொடங்கும் முன் வார்க்கோடு விழுந்த துண்டுகளை ஒதுக்கிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். தேய்ந்த இடம், சீக்கிரம் கிழியும். "அது இல்லன்னா அப்புறம் எதுக்கும்மா போர்வை" என்றார். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் பழைய வேட்டித் துணி வைத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் பலப்படுத்தினேன். ஒன்பது சாய்கோடுகளையும் ஒரே திசையில் வைத்தேன். இடையிடையே பருத்திச் சட்டைகளின் கட்டமும் கோடும். ஒரு சட்டையில் ரீஃபில் கசிந்த மைக்கறை இருந்தது, அதையும் விட்டுவைத்தேன். நடு அடுக்குக்கு அக்காவின் சுங்குடிப் புடவை இரண்டு. அடிப்பக்கத்துக்கு எட்டு முழ வேட்டியை இரண்டாக்கி ஒட்டினேன். கழற்றிய பட்டன்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து, சுற்றிலும் ஓரப்பட்டி வைக்கத் துணி போதவில்லை. கடையில் அரை மீட்டர் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு கட்டம் போட்ட லுங்கியைக் கொண்டுவந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் கட்டியிருந்தது. துவைக்கல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. லுங்கியை விரித்துப் பார்த்தேன். ரொம்பப் பழசு. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கியிருக்கும், சாயமும் இனி விடாது. ஓரத்தில் கத்திரியால் ஒரு நறுக்கு வைத்து, இழை போன போக்கில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்தேன். நேராகக் கிழிந்தது. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பட்டியாக வாங்கிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.